தொலைதூரக் கல்வியில் காட்டுச் சூழலியல் படித்தவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

உசிலை:
எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட். கடலூர் பக்கம் ஒரு ஐயனார் கோயில் காடு. உலர் பசுமைமாறாக் காடு என்று படித்தோமே, அதில் மிஞ்சிய ஒரு துண்டு. 10க்கு 10 மீட்டர் கட்டம் போட்டு, 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து, மரத்துக்கு ஒரு எண் தகடு. எல்லாம் பாடப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தது. டேப்பைக் கையில் கொடுத்துச் சொல்லித்தர யாரும் இல்லை. பதினான்காவது மரத்தில் ஆணி அடித்து முடிக்கும்போது பின்னாலிருந்து ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். கோயிலுக்கு விளக்கு வைப்பவர். "ஏன் தம்பி, ஐயனாரு காட்டுல ஆணி அடிக்கிற? நாங்க இங்க சுள்ளிகூடப் பொறுக்க மாட்டோம்." குரலை உயர்த்தவே இல்லை. அவர் கைதான் நடுங்கியது. நான் செருப்போடு நின்றிருந்ததையே அப்போதுதான் கவனித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, நான் 'பெயர் தெரியாதது 1, 2, 3' என்று எழுதியிருந்த மரங்களைப் பார்த்து அதே அம்மாதான் காசா, வீரை, உலக்கைப்பாலை என்று வரிசையாகச் சொன்னார். என் அறிக்கையின் இனப்பட்டியலில் பாதி அவர் தந்தது. மார்க் நன்றாகவே வந்தது. அந்தக் கை மட்டும் மறக்கவில்லை.

ராத்திரி ரோந்து:
நான் வனத்துறையில் இருக்கிறேன். முதுமலைப் பக்கம், வேட்டைத் தடுப்பு முகாமில் இருந்தபடியே படித்தேன். சிக்னல் கிடைக்கிற பாறை ஒன்று உண்டு, வகுப்பு வீடியோவை அங்கே உட்கார்ந்துதான் இறக்குவேன். அயல் தாவரங்கள் பாடம் முடித்த மறுநாள் காலை ரோந்து. உண்ணிச்செடி இரண்டு ஆள் உயரம், பாதைக்கு இரண்டு பக்கமும் சுவர் மாதிரி. முன்னால் போன வாட்சர் அண்ணன் சட்டென்று கையைத் தூக்கினார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு உறுமல். பத்தடிகூட இருக்காது. யானை. காது நுனியாவது தெரிய வேண்டுமே, தெரியவில்லை. அப்படியே பின்னோக்கி நடந்தோம். 'உண்ணிச்செடி பரவினால் புல் குறையும், மேயும் விலங்குகளுக்கு உணவு குறையும்' என்று அசைன்மென்டில் எழுதியது உண்மைதான். ஆனால் அந்தப் புதரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்தச் சத்தம்தான் கேட்கிறது.

உசிலை, ஒன்று சொல்கிறேன். முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் ஆய்வுக் கட்டம் இருக்கிறது, அங்கே மரத்துக்கு மரம் எண் உண்டு. எண் போடாமல் மறுபடி எப்படி அளப்பது? இதற்குப் போய் வருந்த வேண்டாம்.

மலைக்காற்று:
ரோந்து சார், அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வருடம் திரும்பத் திரும்ப அளக்கிற கட்டம் வேறு, மூன்று மாத ப்ராஜெக்ட் வேறு. நூல் கட்டினாலே போதும். அதுவும் ஊர் சாமி காடு. கேட்டுவிட்டு நுழைவதுதான் முறை.

நான் பள்ளி ஆசிரியை. கொடைக்கானல் மேல்மலைப் புல்வெளியை, சோலைக்காடு அழிந்து உருவான வெற்று நிலம் என்று அசைன்மென்டில் எழுதியிருந்தேன். நேரடி வகுப்பில் எங்களை மன்னவனூர் பக்கம் கூட்டிப்போனார்கள். ஆசிரியர் ஒன்றும் திட்டவில்லை. புல்வெளியில் பரவும் அயல் மரமான வாட்டிலின் முழங்கால் உயரக் கன்று ஒன்றைக் காட்டி, "பிடுங்கும்மா" என்றார். இரண்டு கையாலும் இழுத்து, கடைசியில் உட்கார்ந்து மண்ணைத் தோண்டித்தான் எடுத்தேன். நிமிர்ந்தால் சரிவு முழுக்க அதே கன்றுகள், புல்லுக்கு நடுவே ஆயிரக்கணக்கில். நீலகிரியின் பீட் மண்ணை, அதாவது சதுப்பில் செடிகொடி மட்கிப் படிந்த மண்ணை ஆராய்ந்து, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்ததைக் கண்டிருக்கிறார்கள் என்று அங்கே நின்றபடிதான் சொன்னார். அவ்வளவு பழைய புல்லை நான் வெற்று நிலம் என்று எழுதிவிட்டேனே என்று அழுகை வந்துவிட்டது.

பழைய மாணவன்:
வால்பாறையில் சிங்கவால் குரங்கு ஒன்று தலைக்கு மேலே வெடிப்பலா தின்று, முள்தோலை என் நோட்டின் மேலேயே போட்டது. அந்தத் தோலை இன்னும் வைத்திருக்கிறேன்.

புதிதாகச் சேர்பவர்களுக்குச் சில விஷயம். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைதூரக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இருந்தால் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசியே அறிவித்திருக்கிறது. அப்புறம், சரணாலயத்துக்குள் ஆய்வு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் தலைப்பு முடிவான அன்றே விண்ணப்பம் போடுங்கள். கிடைக்காது என்று தோன்றினால் ஏரிக்கரை, கோயில் காடு, உங்கள் ஊர்ப் புறம்போக்கு, எதை வேண்டுமானாலும் எடுங்கள். சீமைக்கருவேலம் மண்டிய கண்மாயும் ஆய்வுக்குரியதுதான். இலையை மட்டும் பறித்து வந்து பெயர் தேடாதீர்கள், பூவோ காயோ சேர்ந்து இருக்க வேண்டும். இரண்டு பருவத்தில் போங்கள். உசிலை, நீங்கள் அடித்தது இரும்பு ஆணியா? துரு ஏறுமே.

உசிலை:
இரும்புதான். மற்றவற்றை அன்றே எடுத்துவிட்டேன். பதினான்காவதைப் பிடுங்க வேண்டாம், இன்னும் காயமாகும் என்று அந்த அம்மா தடுத்துவிட்டார். தை மாதம் போய்ப் பார்த்தேன். வீரை மரம். பட்டை ஆணியைப் பாதி மூடிவிட்டது. அந்த இடத்தில் மஞ்சள் தடவி, துணி கட்டி வைத்திருந்தார்கள்.