தீக்குப் பிறகு துளிர்ப்பது: ‘மீளுருவாக்கம்’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

சவானா, அதாவது மரங்கள் ஆங்காங்கே நிற்கும் புல்வெளி. அதன் தாவரங்கள் பற்றிய கட்டுரைக்காக ‘ரீஸ்பிரவுட்டிங்’ (மேல்பாகம் கருகிய செடி மறுபடி துளிர்ப்பது) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். மடல் எழுதிய எல்லோருக்கும் நன்றி. படித்தபின் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

> ‘மீளுருவாக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

இங்கேதான் எனக்குத் தயக்கம். பல்லிக்கு வால் வளர்வதும் மீளுருவாக்கம், அழிந்த காடு விதை விழுந்து வளர்வதும் மீளுருவாக்கம். சவானாவில் எழும் முதல் கேள்வியே வேறு. தீ ஓடிய இடத்தில் இப்போது தெரியும் பச்சை புதுச் செடியா, பழைய செடியா? பெரும்பாலும் பழையதுதான். புல் எரியும் தீ வேகமாகக் கடந்துவிடும். மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் சூடு அதிகம் ஏறுவதில்லை. மேலே தண்டு கருகினாலும் கீழே மொட்டுகளும் சேமித்த மாவுச்சத்தும் அப்படியே இருக்கும். எதுவும் புதிதாக ‘உருவாக’வில்லை. ‘உயிர்த்தெழல்’, ‘மறுபிறப்பு’ என்று நண்பர்கள் சொன்னவற்றையும் இதனால்தான் ஏற்க முடியவில்லை. செடி சாகவே இல்லையே.

தமிழில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது. விதை முளைக்கும், மரம் துளிர்க்கும். கரும்புக் கரணை ‘முளைக்கிறது’ என்கிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், கரணை தாயிடமிருந்து வெட்டிப் பிரித்த துண்டு. பிரிந்தது முளைக்கும், ஒட்டியிருப்பது துளிர்க்கும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் சரியாக வருகிறது.

> ‘மறுதாம்பு’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இந்த மடல் எனக்கு மிகவும் பிடித்தது. நான் பண்ருட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் கரும்பு வெட்டு முடிந்ததும் காய்ந்த இலையான சோகையைக் கொளுத்துவார்கள். (மண்ணுக்குக் கெடுதல், கொளுத்தாமல் மூடாக்காகப் போடுவதே நல்லது.) மறுநாள் காலையில் நிலம் கன்னங்கரேலென்று கிடக்கும், நடந்தால் கணுக்கால் வரை சாம்பல். அப்பா மண்வெட்டியால் கட்டைகளைத் தரையோடு தரையாகச் சீவிக்கொண்டே போவார். சீவிய இடம் மட்டும் வெள்ளையாக, ஈரமாகத் தெரியும். சில நாளில் அதன் பக்கவாட்டிலிருந்து ஈட்டி ஈட்டியாகப் பச்சை கிளம்பும். சவானாவில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் மறுதாம்பு என்பது பயிரின் பெயர். மனிதர் வெட்டி, மறுபடி வெட்டுவதற்காக விட்டுவைப்பது. அதைக் காட்டுச் செடிக்கு ஏற்றினால் விவசாயிக்கும் குழப்பம், மாணவருக்கும் குழப்பம். அந்த வயலிலிருந்து வேறொரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம்: கட்டை.

மண்மட்டத்திலோ மண்ணுக்குள்ளோ மொட்டுகளோடு கட்டியாகப் பருத்திருக்கும் மரப்பகுதிகளான லிக்னோடியூபர், சைலோபோடியம் போன்றவற்றுக்கு ‘மரக்கிழங்கு’ என்று ஒரு பரிந்துரை வந்தது. கிழங்கு என்றதும் வேகவைத்துத் தின்பதுதான் நினைவுக்கு வரும். பிரேசிலின் சவானாவான செராடோவில் இருப்பதோ கோடாலிக்கும் எளிதில் மசியாத கட்டி மரம். அங்கே ‘அனகார்டியம் ஹுமிலே’ என்றொரு செடி உண்டு. நம் முந்திரியின் நெருங்கிய சொந்தம். எங்கள் ஊர்த் தோப்புகளில் நிற்கும் முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்ததுதான். இந்தச் சின்ன முந்திரி தரைக்கு மேலே குத்துச்செடி, அடிமரமெல்லாம் மண்ணுக்குள். அதற்குத் ‘தூர்க்கட்டை’ என்று சொல்லிப் பாருங்கள், பொருந்துகிறது.

> தூர் என்றால் கிணற்றில் வாரும் தூர் நினைவுக்கு வராதா?

வரட்டுமே. நெல் தூர் கட்டுவதும், மரம் தூரோடு சாய்வதும் நாம் தினம் சொல்வதுதான். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

ஆக, என் பரிந்துரை: மண்மட்டத்திலோ அதற்குக் கீழோ இருந்து வருவது தூர்த்துளிர்ப்பு. தண்டிலும் கிளையிலும் பட்டைக்கு அடியில் பதுங்கியிருந்த மொட்டிலிருந்து வருவது பட்டைத்துளிர்ப்பு. தீக்குப் பின் யூகலிப்டஸ் அடிமரம் முழுக்க மயிர்போல இலை விடுகிறதே, அது இரண்டாவது வகை. பொதுச்சொல் வேண்டுமானால் ‘மறுதுளிர்ப்பு’ போதும்.

இந்தப் பிரிவினை தேவையா என்று கேட்கலாம். சவானாவில் ஒரு மரக்கன்று தீயின் உயரத்தைத் தாண்டும்வரை, அதாவது ஏறக்குறைய இரண்டு மூன்று மீட்டர் வளரும்வரை, மேல்பாகம் திரும்பத் திரும்பக் கருகும். திரும்பத் திரும்பத் தூரிலிருந்து துளிர்க்கும். மேலே நிற்கும் குச்சிக்கு ஒரு வயது இருக்கும், கீழே தூருக்குப் பல வயது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1954 முதல் நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, வெவ்வேறு இடைவெளிகளில் தீ வைத்துப் பார்த்து வருகிறார்கள். அப்படிப்பட்ட ஆய்வைத் தமிழில் எழுதும்போது, எது தூரிலிருந்து வந்தது, எது கிளையிலிருந்து வந்தது என்று ஒரே சொல்லில் சொல்ல முடிய வேண்டும்.

அடிமரம் மண்ணுக்குள்ளேயே இருக்க, மேலே குட்டையாக மட்டும் தெரியும் செடிகளைத் தாவரவியலாளர் ஃபிராங்க் ஒயிட் 1976இல் ‘ஆப்பிரிக்காவின் நிலத்தடிக் காடுகள்’ என்று எழுதினார். அவற்றுக்கு ‘நிலத்தடி மரம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். நம் நாவல் மரத்தின் ஆப்பிரிக்க உறவிலும் இப்படித் தரையோடு தரையாகக் கிடக்கும் வகை உண்டு.

ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. செராடோவில் ‘புல்போஸ்டைலிஸ் பாரடாக்ஸா’ என்ற கோரை இனம், தீ பட்ட 24 மணி நேரத்துக்குள் பூக்கத் தொடங்கிவிடுகிறது. இலைக்கு முன்னே பூ. இதைத் துளிர்ப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. ‘தீப்பூப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வாய்விட்டுச் சொன்னால் இடறுகிறது. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். கட்டுரையில் அந்தப் பத்தியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.