எங்கள் உபதேசியாரைச் சிறப்பிக்க யோசனை சொல்லுங்கள்

அன்பு உறவுகளே, எங்கள் ஊர் ஒரு கத்தோலிக்கக் கிளைப்பங்கு; தனிக் குருவானவர் இல்லாத சிறு சபை. சாமியார் (குருவானவர்) மாதம் ஒருமுறைதான் பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் வழிபாடு நடத்துவதும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித் தருவதும் உபதேசியார் ஐயாதான். யாராவது சாகக் கிடந்தால், நடுராத்திரியானாலும் செபமாலையோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாகவே ஏற்படுத்தினார். நாமோ ஒரு பொன்னாடையோடு முடித்துவிடுகிறோம். அது போதாது.

ஐயாவைப் போலவே குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரான புனித தேவசகாயத்தின் திருநாள், ஜனவரி 14 அன்று ஐயாவைக் கௌரவிக்க ஆசை. உங்கள் பங்கில் இப்படிச் செய்ததுண்டா? பூசையில் வாசிக்க நல்ல மன்றாட்டுகள் இருந்தால் அனுப்புங்கள். அப்புறம், அவர் பெயரில் மருத்துவக் காப்பீடு எடுத்துத் தரலாமா என்றும் பேசுகிறோம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.