மறு: கிளட்டருக்குத் தமிழ்

அன்பு நண்பர்களுக்கு,

ஃபால்அவுட் 4 கணினி விளையாட்டின் குடியிருப்புக் கட்டுமானச் சொற்களைத் தமிழாக்குவதில், இரண்டு சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் இடத்துக்குப் 'பொருத்துமுனை' என்பதை எல்லோரும் ஏற்றுவிட்டோம். குடியிருப்பில் வாழும் குடிகள் எங்கே நடக்கலாம் என்று விளையாட்டுக்குச் சொல்லும் நேவ்மெஷ்ஷுக்கு 'நடைவலை'யும் சரி. விளையாட்டை மாற்ற ஆடுபவர்கள் எழுதிச் சேர்க்கும் துணைநிரலான மாட் (mod) அப்படியே இருக்கட்டும். பன்மையில் 'மாடுகள்' ஆகாமல் பார்த்துக்கொண்டால் போதும். இழுபறி, இடத்தை நிரப்ப ஆங்காங்கே வைக்கும் சின்னச் சின்னப் பொருள்களான கிளட்டரில்தான் (clutter).

> 'இறைபொருள்' போதாதா? இறைந்து கிடக்கிறது, அவ்வளவுதானே.

எனக்குக் கடவுள்தான் நினைவுக்கு வருகிறார். அதை விடுங்கள், பெரிய சிக்கல் வேறு. இறைந்து கிடப்பது, சிதறிக் கிடப்பது என்ற பார்வையில் சொல் அமைத்தால், கட்டுபவரும் அப்படியே இறைத்துவிடுகிறார். கிளட்டர் மாட் ஒன்றை நிறுவியதும் மேசைக்கு மேசை பாட்டில், மூலைக்கு மூலை டயர். பொருள் நிறைய இருக்கும், ஆள் வாழ்ந்த அடையாளம் இருக்காது.

விளையாட்டின் கணக்கிலிருந்தே பாருங்கள். ஒரு குடி ஆறு அலகு உணவு வரைக்கும் பயிர் பார்ப்பார். டாட்டோ செடி ஒன்றுக்கு அரை அலகு, ஆகவே ஒருவருக்குப் பன்னிரண்டு செடி. அந்தப் பன்னிரண்டு செடிக்குப் பக்கத்தில் ஒரு மண்வெட்டியும் ஒரு வாளியும் போதும், நாலு மண்வெட்டி வைத்தால் பொய்யாகிவிடும். கைப்பம்பு மூன்று அலகு தண்ணீர் தரும், மூன்று பேருக்கு. அதன் அடியில் மூன்று பாத்திரம், அங்கிருந்து படுக்கை வரைக்கும் ஆள் போகும் தடத்தில் எதுவும் வைக்காத வெறுந்தரை. நம்பகம் இங்கேதான் வருகிறது. யார் எடுப்பார், எடுத்த பின் எங்கே வைப்பார் என்ற கேள்வியே கிளட்டரின் அடிப்படை.

அதனால் என் பரிந்துரை 'புழங்குபொருள்'. நாட்டார் வழக்காற்றியலில் 'புழங்குபொருள் பண்பாடு' என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள்: மக்கள் அன்றாடம் கையாளும் பொருள்கள், அவற்றைச் செய்யும் முறை, வைக்கும் இடம் எல்லாம் அதில் அடக்கம். நமக்கு வேண்டியதும் அதே பார்வைதான்.

> ஆனால் எலும்புக்கூடும் சருகுக் குவியலும் கிளட்டர்தானே? அவற்றை யார் புழங்குகிறார்கள்?

நல்ல கேள்வி. யாரும் புழங்கவில்லை, ஆகவே அவற்றை வெளியே எடுத்து 'எச்சம்' என்று தனியாகப் பெயரிடலாம். பறவை எச்சத்தை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இந்தப் பிரிவு சொல்லளவில் நிற்பதில்லை. கதைப்படி அணுகுண்டு விழுந்தது 2077-இல், ஆட்டம் நடப்பது 2287-இல். இருநூற்றுப் பத்து ஆண்டுகளாகியும் ஆட்டத்தின் முதல் குடியிருப்பான சாங்க்சுவரி ஹில்ஸில் சருகுக் குவியல் அப்படியே கிடக்கிறது, மாட் இல்லாமல் பலவற்றை அகற்றவும் முடியாது. எச்சம் எங்கே முடிகிறது, புழங்குபொருள் எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை வைத்தே அந்த இடத்தில் ஆள் குடியேறி எவ்வளவு நாளாயிற்று என்று பார்ப்பவருக்குச் சொல்லிவிடலாம். வாசலும் படுக்கையறையும் பெருக்கியிருக்க, பின்கட்டில் இடிபாடு அப்படியே இருந்தால் ஆள் வந்து கொஞ்ச காலம்தான். தெரு முழுக்கத் துடைத்து வைத்தால் புதிதாகக் கட்டிய நகரம் போலாகி, பேரழிவே காணாமல் போய்விடும்.

எதையும் அகற்ற விடும் ஸ்கிராப் எவ்ரிதிங் மாட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோடு இன்னொரு வகையிலும் உதவும். வேகத்துக்காக விளையாட்டு பல பொருள்களின் வடிவங்களை முன்கூட்டியே ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தச் சேர்ப்பிலிருந்து ஒன்றைப் பிடுங்கினாலும் அந்தப் பகுதியின் சேர்ப்பே உடைந்து, காட்சி திணறவோ மினுக்கவோ தொடங்கும். எச்சத்தை எல்லாம் அழிக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தாலே கணினிக்கும் நிம்மதி.

> சரி, புழங்குபொருள் நீளமாயிற்றே. பட்டியலில் எப்படிப் போடுவது?

மாட் பட்டியலில் 'புழங்கு' என்று சுருக்கினால் போதும்: புழங்கு – சமையல், புழங்கு – பட்டறை. 'தட்டுமுட்டு' என்று முன்பு ஒருவர் சொன்னதும் அழகான சொல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் வீட்டுச் சாமானோடு நின்றுவிடும். காவல் மாடத்தில் கிடக்கும் தோட்டா உறையைத் தட்டுமுட்டு என்றால் ஒட்டவில்லை.

அப்புறம் ஸ்டாட்டிக். கையால் எடுக்கக்கூடிய கோப்பையை மேசையில் வைத்தால் குடிகள் இடித்து உருட்டிவிடுவார்கள், திரும்பி வரும்போது தரையில் கிடக்கும். அதற்காகவே மாட் எழுதுபவர்கள் எடுக்கவும் தள்ளவும் முடியாத நகலைத் தருகிறார்கள். இதற்கு 'அசையாநகல்' என்று வைத்துக்கொள்ளலாமா? 'நிலைப்பொருள்' என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் சுவரும் கூரையும்கூட நிலையானவைதானே. பிளேஸ் எவ்ரிவேர் மாடில் சாதாரணப் பொருளையே இடத்தில் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது. அது நகல் இல்லை என்பதால் அதற்கு 'பூட்டிய பொருள்' என்றே விட்டுவிடுவோம்.

எச்சம், புழங்குபொருள், அசையாநகல் மூன்றையும் தனித்தனிப் பதிவாகச் சொற்பட்டியலில் ஏற்ற எண்ணுகிறேன். மறுப்பு இருந்தால், வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் மாற்றுச் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்.