பதில்: ‘வால்யூம் மாட்’ தமிழில் என்ன?

வணக்கம்.

கைப்பேசியின் மென்பொருளை மாற்றி ஒலியை வழக்கமான வரம்புக்கு மேல் கூட்டுவதை ‘வால்யூம் மாட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘ஒலியளவு உயர்த்தல்’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். கைப்பேசியின் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினாலும் அதைத்தானே செய்கிறோம்? மென்பொருளுக்குள் கைவைத்து வரம்பையே மாற்றுவதற்குத் தனிச் சொல் வேண்டும். அடுத்து வந்த ‘ஒலிக் கட்டுடைப்பு’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுடைப்பை இலக்கியத் திறனாய்வாளர்கள் எப்போதோ பட்டா போட்டுக்கொண்டார்கள்.

என் அக்கா மகன் போன மாதம் இந்த வேலையைச் செய்தான். சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்குப் பெருவிரைவு ரயிலில் போய் வருகிறவன். பீஷான் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பாட்டே காதில் விழுவதில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, இதில் இருப்பது ஒரு வேலை அல்ல, இரண்டு.

முதலாவது, ஆண்ட்ராய்டு தானே வைத்திருக்கும் தடுப்பு. ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும்போது 15 படிகளில் வழக்கமாகப் பத்தைத் தாண்டினால் எச்சரிக்கும். நாம் சரி என்றால் வழிவிடும்; 20 மணி நேரம் உரக்கக் கேட்டபின் மறுபடி வந்து மறிக்கும். ஐரோப்பியத் தரநிலை 85 டெசிபெல்லில் எச்சரிக்கையும் 100இல் உச்சவரம்பும் கேட்பதால் வந்த ஏற்பாடு இது. இதை அணைத்துவிட்டால் முதல் வேலை முடிந்தது.

இரண்டாவது வேறு வகை. ரூட் செய்து, அதாவது கைப்பேசியின் உள் கோப்புகளையும் திருத்தும் முழு உரிமையைப் பெற்று, ‘மிக்சர் பாத்ஸ்’ என்ற ஒலி அமைப்புக் கோப்பில் ஒலிச் சில்லுக்குப் போகும் எண்ணையே கூட்டுவது. குவால்காம் சில்லு உள்ள அவனுடைய கைப்பேசியில் அந்த எண் 84 என்றால் ஒலியைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அதை 90 ஆக்கினான். ஆறு டெசிபெல் கூடுதல். காதுக்குள் போகும் ஆற்றல் நான்கு மடங்கு. உரக்கப் பதிவான பாட்டுகளில் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரத்தது. அப்புறம் 87க்கு இறங்கினான். (உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் நான்கே மணி நேரம். இதையும் சொல்லிப் பார்த்தேன். அவன் காதில் ஹெட்ஃபோன் இருந்தது.)

இந்த இரண்டுக்கும் நம் வயற்காட்டிலேயே சொல் இருக்கிறது. தடுப்புக்கு ‘ஒலிமதகு’, அதை அணைப்பது ‘மதகு திறத்தல்’. எண்ணைக் கூட்டுவது ‘ஒலியேற்றம்’. மதகைத் திறந்தால் ஏரியில் இருக்கிற தண்ணீர்தான் வரும். பள்ளத்துத் தண்ணீரை மேலே கொண்டுவர ஏற்றம் இறைக்க வேண்டும். இரண்டையும் ‘உயர்த்தல்’ என்று ஒரே சாக்கில் போட்டால் பயனர் கையேட்டில் குழப்பம்தான் மிஞ்சும். மதகைவிட ‘மடை’ இன்னும் சின்னச் சொல் என்பது உண்மை. ஆனால் மடை என்றால் வெறும் திறப்பு என்றும் பொருள்படும். மதகில் ஏற்றி இறக்கும் பலகை இருக்கிறது, நமக்கு வேண்டியது அந்தப் பலகைதான்.

அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு மதகு எங்கே தெரியும் என்று கேட்பீர்கள். அவனும் கேட்டான். மரீனா அணைக்கட்டில் வரிசையாக ஒன்பது நிற்கிறதே, அதுதான் என்றேன். “ஓ, அந்த கேட்டா மாமா?” என்றான். இனிச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரூட்டை ரூட் என்றே விடுவோம். ‘வேராக்கம்’ என்று எழுதினால் தோட்டக்காரர்கள் வந்து நிற்பார்கள். அலையின் தலை வெட்டுப்படுவதற்கு ‘அலைவெட்டு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே திருப்தியில்லை, வேறு இருந்தால் எழுதுங்கள்.