கிரானைட் தூசி ரோட்டுல ஓடுற சைக்கிள் செயினுக்கு எந்த ஆயில்?

பர்கூர்_கியர்வண்டி:
பர்கூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு வேலைக்கு தினம் சைக்கிள்தாங்க. பின்னாடி 8 கியர். வழியெல்லாம் கல்லு லாரி. வீட்டுக்கு வந்து பார்த்தா செயின்ல கருப்பா பிசுபிசுன்னு அப்பியிருக்கு, மிதிச்சா நறநறங்குது. கடைக்காரர் பைக்ல வடிச்ச பழைய ஆயிலைத்தான் ஊத்துறார். அப்பா தேங்காய் எண்ணெய் போதும்ங்கறார். ஆன்லைன்ல செயினுக்குன்னே ட்ரை லூப் (காய்ஞ்சு நிக்கிறது), வெட் லூப் (ஈரமாவே நிக்கிறது)னு ஆயில் இருக்கு, விலை பார்த்தா கை வரல. நிஜமாவே வித்தியாசம் இருக்கா?

பாலக்கோடு_பஞ்சர்கடை:
தம்பி, முதல்ல அந்தப் பழைய ஆயிலை நிறுத்துங்க. எஞ்சின்ல தேஞ்ச இரும்புத்தூளும் கரியும் அதுலதான் கிடக்குது. அதோட கல்லு தூசி குழைஞ்சா எஞ்சின் வால்வை அரைச்சுத் தேய்க்கிற பேஸ்ட்டுக்கும் அதுக்கும் வித்தியாசமே கிடையாது.

எண்ணெய் வேண்டியது செயின்ல உருளுற குட்டி ரோலருக்கு உள்ள, லிங்க்கைக் கோத்திருக்கிற பின் (குட்டி ஆணி) உரசுற இடத்துல. வெளிய எவ்வளவு காய்ஞ்சிருக்கோ அவ்வளவு நல்லது. வெயில் காலத்துக்கு மெழுகு கலந்த ட்ரை லூப் வாங்குங்க. ஊத்தும்போது தண்ணியா இருந்து உள்ள இறங்கும், அப்புறம் கரைப்பான் ஆவியாகி மெழுகு மட்டும் நிக்கும். அதனால ராத்திரியே போட்டுடணும். மழையில சீக்கிரம் கழுவிட்டுப் போயிடும். ஐப்பசி மழைக்கு வெட் லூப்தான், ஆனா தூசியை இழுக்கும், துடைச்சுக்கிட்டே இருக்கணும்.

டீசல்ல பிரஷ் போட்டுத் தேய்ச்சு, நல்லா காய விடுங்க. பெடலைப் பின்னாடி சுத்திக்கிட்டே ரோலருக்கு ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு பழைய வேட்டித் துணியால துடைங்க, விரல்ல கறை ஒட்டாத வரைக்கும். இந்தத் துடைக்கிற வேலையை யாருமே செய்யறதில்ல, பாட்டிலைத்தான் குறை சொல்றாங்க.

ஓசூர்_குளிர்:
டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிக்கலாமா?

பாலக்கோடு_பஞ்சர்கடை:
சாதா கேன் ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும். செயின்ல தங்காது. தேங்காய் எண்ணெயும் வேணாம், உங்க ஊர் மார்கழிக்கு பாட்டில்லயே உறைஞ்சு நிக்குமே.

அரூர்_பழசு:
எங்க தாத்தா வண்டிக்கு விளக்கெண்ணெய் தவிர வேற பார்த்ததில்ல. நல்லாத்தான் ஓடுச்சு.

பாலக்கோடு_பஞ்சர்கடை:
ஓடும்ங்க ஐயா. அதுல முழு செயின் கவர் இருந்திருக்கும், தூசியே அண்டாது. கியர் வண்டியில செயின் அம்மணமா கிடக்குதே.

பர்கூர் தம்பி, காசு செலவு பண்றதுக்கு முன்னாடி செயினை ஸ்கேல் வெச்சு அளங்க. ஒரு பின்னோட நடுவுல சைபரை வெச்சா, 24 பின் தள்ளி 12 இஞ்ச்ல சரியா விழணும். ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டினா செயின் மாத்தற நேரம். மூணு தாண்டினா பல்சக்கரத்துப் பல்லும் தேஞ்சு போயிருக்கும்.

பர்கூர்_கியர்வண்டி:
மூணுக்கு மேலயே இருக்குண்ணா.

பாலக்கோடு_பஞ்சர்கடை:
அப்ப லூப் அப்புறம். செயினையும் பின் பல்சக்கரத்தையும் சேர்த்தே மாத்துங்க. பழைய பல்லுல புது செயின் வழுக்கும். வெட்டும்போது பழசோட நீளத்துக்கு வெட்ட விடாதீங்க, அது இழுத்திருக்கும். லிங்க்கை எண்ணி வெட்டச் சொல்லுங்க. புது செயின்ல கம்பெனி கிரீஸ் இருக்கும், அதைக் கழுவாம வெளிய மட்டும் துடைச்சுட்டு ஓட்டுங்க.