வேளாண்மைக் குழுக்களில் ஆலோசனை கேட்ட அனுபவம்: உங்களுக்கு எப்படி?

இலங்கையின் கிழக்கே, வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து:

எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) நெல் செய்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி நின்றபோது, யூரியா எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கியது. பிறகு பூச்சி, நோய், களை எல்லாவற்றுக்கும் அங்கேதான் கேள்வி. ஒருவர் மஞ்சளான பயிரைப் படம் பிடித்துப் போட்டால் போதும், மருந்துப் பெயர்கள் வந்து குவியும். பயிருக்கு என்ன வயது, என்ன இனம், தண்ணீர் வடிகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. நைதரசன் குறைந்தாலும் பயிர் மஞ்சளாகும், வடிகால் இல்லாவிட்டாலும் ஆகும், வாவிக்கரை வயலில் உவர் ஏறினாலும் ஆகும். இதில் எதற்கும் பூச்சி மருந்து வேண்டாம்.

போன பெரும்போகத்தில் ஒரு தம்பி, வயலில் வட்டம் வட்டமாகக் காய்கிறது என்று எழுதினார். "போனுக்குள்ள வேளாண்மை செய்தா இப்படித்தான்" என்று ஒருவர் போட, சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. தம்பி கேள்வியை அழித்துவிட்டார். பிறகு எங்கள் வட்டையில் மூத்த ஒருவர் அவரைத் தனியாக அழைத்து, இது அறக்கொட்டி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி, பயிரின் அடியைப் பிரித்துப் பார், வயல் தண்ணீரைச் சில நாள் வடியவிடு, மேலாக மருந்தடித்தால் பூச்சியைத் தின்னும் சிலந்திதான் சாகும், அடியில் இருக்கும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறார்.

இதை ஏன் குழுவில் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன். "எழுதக் கைவராது மகன். எழுதினாலும் சண்டைக்கு வருவானுகள்." அதன்பிறகு குரல் பதிவு அனுப்பச் சொன்னோம். இப்போது அவரைப் போன்ற இன்னும் சிலரும் பேசுகிறார்கள். நக்கல் அடிப்பவரை நாங்கள் யாரையும் வெளியேற்றவில்லை. தெரிந்தவர்கள் பேசத் தொடங்கியதும் அந்தச் சத்தம் தானாகக் குறைந்தது.

சம்மாந்துறை:

எங்கட குழுவில் நக்கலே இல்லை, மரியாதை கூடிப்போனதுதான் வில்லங்கம். நாங்கள் காக்கா (அண்ணன்) என்று அழைக்கும் மூத்தவர் ஒருவர் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னார். பிழை என்று தெரிந்தவர்களும் "காக்கா சொன்னா சரிதான்" என்று விட்டுவிட்டார்கள். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் குழுவில் இருக்கிறார். அவரும் நேரே மறுக்கவில்லை. "காக்கா, மருந்தடிக்கிற மெஷினுக்கு எத்தனை மில்லி போட்டீங்க? போத்தல் லேபல்ல கலக்கலாம் என்று இருக்கா?" என்று கேட்டார். காக்கா லேபலைப் படம் எடுத்துப் போட்டார். கலக்கக்கூடாது என்று அதிலேயே இருந்தது. யாருக்கும் முகம் வாடவில்லை. இப்போது யார் மருந்துப் பெயர் சொன்னாலும் லேபல் படம் கேட்கிறோம். நல்ல பழக்கம், ஆனால் படங்களால் போன் நிரம்பிவிடுகிறது.

களுவாஞ்சிக்குடி:

நான் கணவரின் நம்பரில் இருந்துதான் கேட்பேன். களை பிடுங்குவதும் வீட்டுத் தோட்டமும் பெண்கள் வேலை, ஆனால் பெண் கேட்டால் "அண்ணனை எழுதச் சொல்லுங்க" என்பார்கள். மிளகாய்ச் செடியில் இலை சுருள்கிறது என்று கேட்டதற்கு "1920க்கு அடியுங்க" என்று மட்டும் ஒருவர் எழுதினார். தட்டிக்கழிக்கத்தான் சொன்னார், தெரியும். நானும் விவசாயத் திணைக்களத்தின் அந்த இலக்கத்துக்கு அடித்தேன். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி என்று முதலில் பார்க்கச் சொன்னார்கள். அதை அப்படியே குழுவில் எழுதினேன். அன்றிரவே வேறு பெண்களும் தங்கள் செடிகளின் படத்தைப் போட்டார்கள், சொந்த நம்பரிலிருந்து. சரி, நானும் இனி என் நம்பரில்தான்.

அக்கரைப்பற்று:

எங்கள் குழுவில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர். எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரு போத்தல் உண்டு. அவரை விரட்டுவதா என்று பெரிய வாக்குவாதம். கடைசியில் பெயருக்குப் பக்கத்தில் 'கடை' என்று போடச் சொன்னோம். கோபித்துக்கொண்டு போனார், போகம் தொடங்கியதும் திரும்பி வந்தார். இப்போது சில கேள்விக்கு "இதுக்கு ஒன்றும் அடிக்காதீங்க" என்று அவரே எழுதுகிறார். விலை கேட்டால் மட்டும் இன்னும் இன்பொக்ஸுக்குத்தான் வரச் சொல்கிறார்.