பிளஸ் ஒன்னுல ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா? தங்கச்சிமடத்துலேர்ந்து கேக்குறேன்

விசைப்படகு_தங்கச்சிமடம்:
தடைக்காலம். 61 நாளும் படகு கரையில கிடக்கு, வீட்டுல சண்டை மட்டும் ஓடுது. மகன் பத்தாவதுல 500-க்கு 371. கணக்குல 68, அறிவியல்ல 82. தமிழ் மீடியம். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இருக்குற ஃபர்ஸ்ட் குரூப்தான் வேணுமாம். மச்சினன் காமர்ஸ்ல சேருங்கிறார், "பிசிக்ஸ் எடுத்தா ரெண்டு வருஷமும் முக்கணும்"ங்கிறார். நான் எட்டாவதோட கடலுக்குப் போனவன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கீழக்கரை_காக்கா:
இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி? இன்ஜினியரிங் கட் ஆஃப் 200-ல கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. கப்பலுக்குப் போகணும்னு நாட்டிகல் சயின்ஸ் கேட்டாலும் இந்த மூணுலயும் சேத்து 60 சதவீதம் வேணும். ஃபர்ஸ்ட் குரூப் படிச்சவன் நாளைக்கு பி.காம் போகலாம். காமர்ஸ் படிச்சவன் இந்தப் பக்கம் திரும்ப முடியாது.

மண்டபம்_பொண்ணு:
காக்கா கதவைக் காட்டுறீங்க, படி எத்தனைன்னு சொல்லலையே. புதுப் புத்தகம் வந்த 2018-ல நான் பிளஸ் ஒன். பிசிக்ஸ்ல ரெண்டாவது பாடம் இயக்கவியல். அதுலயே வெக்டர், வகையிடல் எல்லாம் வந்துடும். கணக்குப் புத்தகத்துல வெக்டர் 8-வது பாடம், வகையிடல் 10-வது பாடம், ரெண்டுமே ரெண்டாம் தொகுதி! அங்க கணக்கு டீச்சர் கணங்கள்ல நிக்கிறாங்க, இங்க பிசிக்ஸ் வகுப்புல போர்டுல டிஎக்ஸ் பை டிடின்னு வகையிடல் ஓடுது. எங்க பள்ளியில பிசிக்ஸ் பணியிடம் வேற அரையாண்டு வரைக்கும் காலி. தியரியில 70-க்கு 19 வாங்கினேன். பிறகு பி.காம் முடிச்சு ராம்நாட்ல ஒரு கடையில கணக்கு எழுதுறேன். அந்த ரெண்டு வருஷத்தை யார் திருப்பித் தருவா?

ஓய்வு_வாத்தியார்:
புத்தக வரிசையைப் பத்தி பாப்பா சொல்றது சரி. நான் பிசிக்ஸ்தான் நடத்தினேன். கடைசி வருஷங்கள்ல ரெண்டாவது பாடத்தைத் தொடறதுக்கு முன்னாடி பத்து நாள் வகையிடலை நானே நடத்திடுவேன். அதைச் செய்யாத ஆளுகிட்ட மாட்டினா பிள்ளை பாடு திண்டாட்டம்தான்.

ஆனா படகுக்காரர் மகனுக்கு இது அந்நியமான பாடம் இல்ல. தம்பி, உங்க படகுல எக்கோ சவுண்டர் இருக்கும்ல? கடல் தண்ணியில சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகும். விட்ட சத்தம் தரையில பட்டுத் திரும்பி வர 0.02 வினாடி ஆச்சுன்னா ஆழம் எவ்வளவு? பையன்கிட்ட கேளுங்க, நீங்க சொல்லிக் கொடுக்காதீங்க. பாம்பன் புதுப் பாலத்தையும் காட்டுங்க. 72.5 மீட்டர் நீளத் துண்டு நேரா மேல ஏறுதே, அவ்வளவு பாரத்தையும் மோட்டாரா தூக்குது? கோபுரத்துல எதிர் எடை தொங்குது. மோட்டாருக்கு வேலை கொஞ்சம்தான்.

மண்டபம்_பொண்ணு:
சார், பாலத்தைக் காட்டி ஆசை மூட்டுறது சுலபம். எங்க பக்கம் எந்த மேடையில யார் ஏறினாலும் இதே பேச்சுதான்: கலாம் நம்ம ஊரு, நீயும் ஆகலாம். அவர் பிசிக்ஸ் படிக்கத் திருச்சிக்குல்ல போனார்? 1954-ல அங்கதான் முடிச்சார். எங்களுக்கு வெர்னியர் காலிப்பர் கைக்கு வந்ததே செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம். 20 மார்க் வந்துடும், அளக்க வராது.

புதுமடம்_12:
நீட் எழுதுறானா? அதுலயும் பிசிக்ஸ் 45 கேள்வி, 180 மார்க்.

விசைப்படகு_தங்கச்சிமடம்:
நீட்லாம் இல்ல தம்பி. இன்ஜின் படிக்கணுமாம். நம்ம படகு இன்ஜினை ரெண்டு தடவை பிரிச்சுப் பாத்துட்டான். ஒரு தடவை மாட்டத் தெரியல, மெக்கானிக்குக்கு தண்டம் அழுதேன்.

மண்டபம்_பொண்ணு:
அப்ப ஏண்ணே பிளஸ் ஒன்? பத்தாவது முடிச்ச கையோட பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல், மூணு வருஷம். கை வேலை தெரிஞ்ச பையனுக்கு அதான் சரி.

ஓய்வு_வாத்தியார்:
போகட்டும், தப்பே இல்ல. ஆனா அங்கயும் முதல் வருஷத்துல பிசிக்ஸ் உண்டு பாப்பா.

மண்டபம்_பொண்ணு:
விடவே மாட்டீங்களா சார் 😀

கீழக்கரை_காக்கா:
தங்கச்சி, வாத்தியார் இல்லாததுக்குப் பாடம் என்ன பண்ணும்? ஊர்ல பெரியவங்க சேந்து கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்கணும். அதை விட்டுட்டு பிள்ளைங்களை பிசிக்ஸ் பக்கமே போகாதேன்னா எப்படி?

மண்டபம்_பொண்ணு:
மனு கொடுத்து ஆள் வர்றதுக்குள்ள பிள்ளை பிளஸ் டூ முடிச்சிடும் காக்கா. நாங்களும் கொடுத்தோம்.

விசைப்படகு_தங்கச்சிமடம்:
சார், கேட்டேன். மொதல்ல 30 மீட்டர்னான். சொல்லிக் கொடுக்காதீங்கன்னீங்களே, வாயை மூடிக்கிட்டு இருந்தேன். சோறு தின்னுக்கிட்டே இருந்தவன் திடீர்னு, "போயிட்டு வர்ற நேரம்லப்பா அது, அப்ப பாதிதான், 15"ன்னான். 15 மீட்டர்னா எட்டுப் பாகம். எங்க வடகடல்ல அது நல்ல ஆழம். அந்த மிஷினை ஆறு வருஷமா பாக்குறேன், அது எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு நேத்துதான் தெரிஞ்சுது.

மண்டபம்_பொண்ணு:
சந்தோஷம்ணே. சேக்கப் போற பள்ளியில பிசிக்ஸுக்கு ஆள் இருக்காங்களா?

விசைப்படகு_தங்கச்சிமடம்:
தெரியலம்மா. திங்கக்கிழமை போறேன். அதைக் கேட்டுட்டுதான் ஃபார்ம் வாங்கணும்.